தானாக முன்வந்து சொன்னது

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டதும் சம்மன் வந்தது. கொண்டுவந்த கான்ஸ்டபிள் வாசலிலேயே நின்று, "பீம்ராவ் நீங்கதானா? ஜெயில் சைக்காலஜிஸ்ட்?" என்றார். ஜெயிலில் எனக்கு உத்தியோகம் இல்லை, அரசு மருத்துவமனையிலிருந்து ஓய்வு பெற்றவன், கேட்டுக்கொண்டார்கள் என்பதால் வாரம் ஒருநாள் போய்வருகிறேன் என்று விளக்கம் சொல்ல வாய் வந்தது. யாருக்கு வேண்டும் அது? ஆமாம் என்று கையெழுத்துப் போட்டேன். கோணலாக விழுந்தது.

மனைவி ரமாபாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாத்துக்கு இப்டி வெடவெடன்னு ஆடிக்கினு கீற? நீயா கொல பண்ண?"

யாசின் வழக்கு. நான் அரசுத் தரப்புச் சாட்சி. என்றாவது வரும் என்று தெரிந்ததுதான்.

எனக்கே தெளிவாக இருக்கட்டும் என்று வரிசையாக எழுதிவைக்கிறேன். யாசினும் தவ்ஃபீக்கும் டிரெய்லர் லாரி டிரைவர்கள். தண்டையார்பேட்டையில் ஒரே தெரு. துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நிற்குமே, அந்த வரிசையில் முன்னால் யார், பின்னால் யார் என்று இருவருக்கும் ஒரு மாலை வாய்ச்சண்டை. பத்துப் பேர் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் கடலோரக் கருங்கற்களுக்கிடையே தவ்ஃபீக் தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தான். அடித்ததை யாரும் பார்க்கவில்லை. அடித்ததாகச் சொல்லப்படும் ஸ்பானரும் கிடைக்கவில்லை. யாசினைப் பிடித்தார்கள்.

சிறையில் அவன் சாப்பிடவில்லை, பேசவில்லை. உயிரை மாய்த்துக்கொள்வானோ என்ற பயத்தில் தனிச்செல்லில் வைத்தார்கள். அப்படி வைக்கப்பட்டவர்களைப் பார்ப்பதுதான் என் வேலை. பல வாரம் என் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தான். பிறகு ஒருநாள் அழுதான். "நான்தான் சார் தவ்ஃபீக்க அடிச்சேன்" என்றான். அதை என் அறிக்கையில் எழுதினேன். மனபாரம் இறங்கிவிட்டது, பொது பிளாக்குக்கு மாற்றலாம் என்றும் எழுதினேன். மாற்றினார்கள். அறிக்கை போலீசுக்கும் போனது. இப்போது அந்த வழக்கில் அதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

ஆகவே கோர்ட் கேட்கப்போவது ஒன்றுதான். யாசின் அதைத் தானாக முன்வந்து சொன்னானா? ஆம். நான் கேட்கவே இல்லை. மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. எனக்கு அதெல்லாம் வராது என்பது என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

அப்படியானால் கையெழுத்து எதற்குக் கோணலாக விழுந்தது?

நவம்பர் 13, வியாழன்

அரசு வக்கீலைப் பார்த்தேன். நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார். "ரொம்ப சிம்பிள் சார். பேரு, படிப்பு, அனுபவம். அப்புறம், யாசின் என்ன சொன்னார்? சொல்லுங்க. மிரட்டுனீங்களா? இல்லைம்பீங்க. ஆசை காட்டுனீங்களா? இல்லைம்பீங்க. தானா முன்வந்து சொன்னாரா? ஆமாம்பீங்க. எறங்கிடலாம். கேக்காததுக்குப் பதில் சொல்லாதீங்க, அவ்ளோதான்."

என்னிடம் அவர் எதிர்பார்ப்பது முழுக்க உண்மைதான். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று பஸ்ஸில் யோசித்தேன். வக்கீல், போலீஸ், பேங்க் மேனேஜர் யாரிடமிருந்து எழுந்தாலும் நன்றி சொல்லிவிட்டுத்தான் எழுவது என் பழக்கம்.

நவம்பர் 16, ஞாயிறு

யாசினின் தாய் வந்தார். காத்தூன் பீவி. கதவைத் திறந்ததும் யாரென்று தெரிந்துவிட்டது, அதே நெற்றி. சாட்சியை எதிர்த்தரப்பு வீட்டார் சந்திக்கலாமா கூடாதா என்று நான் மனதுக்குள் சட்டம் பார்த்துக்கொண்டிருக்கையில் ரமாபாய் அவரை உள்ளே இட்டுவந்து உட்காரவைத்துவிட்டாள்.

"அண்ணே, நான் சண்டைக்கு வரல. கோர்ட்ல இத்த சொல்லு, அத்த சொல்லாதன்னு கெஞ்சவும் வரல."

"சொல்லுங்கம்மா."

"போலீஸ்ல அவன அடிச்சாங்க. அப்பவும் சொல்லல. மனு போட்டுப் பாக்கப் போனேன். கம்பிக்கு இந்தாண்ட நின்னு, 'என் தலமேல ஆணையா சொல்லுடா'ன்னேன். அப்பவும் இல்லம்மான்னுதான் சொன்னான். அடிச்சவன்கிட்ட சொல்லாதத, பெத்தவகிட்ட சொல்லாதத, உங்ககிட்ட இன்னாத்துக்குண்ணே சொன்னான்? அத்த மட்டும் சொல்லுங்க, நான் போய்க்கினே இருப்பேன்."

அந்நியரிடம் பேசுவது சிலருக்கு எளிது, நம்பிக்கை வளர்ந்தபின் மனம் தானே திறந்துகொள்ளும், இப்படி ஏதோ சொன்னேன். வகுப்பில் சொல்வதுபோல இருந்தது என் குரல்.

"நம்பிக்கையா?" என்றார். "எம்மேல இல்லாத நம்பிக்கையா?"

ரமாபாய் காபி கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைத்தார். போகும்போது வாசலில் நின்று, "அவன் தனியா படுத்ததே கெடையாதுண்ணே. லாரிலகூட லைன்ல நிக்க சொல்லோ பக்கத்து லாரிக்காரன் கொறட்ட கேட்டாதான் தூங்குவானாம். அந்த செல்லுல எப்டிதான் கெடந்தானோ" என்றார்.

அவர் போனபின் ரமாபாய் என்னைப் பார்த்தாள். "அந்தம்மா கேட்டது ஞாயந்தான?"

நவம்பர் 17, திங்கள்

காத்தூன் பீவிக்கு ஒரு பதில் எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன். முழுக்கப் பாடப்புத்தகம்.

நவம்பர் 20, வியாழன்

நடந்ததை அப்படியே எழுத முயல்கிறேன்.

எர்ணாவூரில் தங்கை வீட்டுக்குப் போகத் திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றேன். ஓர் ஆட்டோ சரக்கென்று நின்றது. "நைனா! சைக்காலஜி நைனா! குந்து குந்து, முன்னால வந்து குந்து!" நீலமேகம். வியாசர்பாடி ஆள். இரண்டு வருடம் முன்பு ஒரு திருட்டு வழக்கில் உள்ளே இருந்தான். தனிச்செல்லில் கொஞ்ச நாள். நன்றாகச் சதை போட்டிருக்கிறான். பின்னால் மீன் கூடையோடு இரண்டு பெண்கள்.

"யாரு தெரியுமா இவரு? ஜெயில்ல எங்க எல்லாருக்கும் சாமி" என்று அவர்களிடம் என்னை அறிமுகம் செய்தான். எனக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அம்மா இறந்த துக்கம் இப்போது பரவாயில்லையா என்று கேட்டேன். இந்த ஆள் அன்று தாயை நினைத்து என் முன்னால் அழுத அழுகை எனக்கு மறக்கவே இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீலமேகம் வாய்விட்டுச் சிரித்தான். "அய்ய, நைனா! அது வூட்ல நல்லா கீது. நேத்து கருவாட்டுக் கொயம்பு வச்சிது."

"அன்னைக்கு..."

"அன்னிக்கு சாவட்ச்சேன். வேற வயி? தனிச்செல்லுலேர்ந்து வெளிய வரணும்னா உன் கையெய்த்து வோணும். பேசாம குந்திக்கினு இருந்தா நீ போட மாட்ட. மனசு உட்டு அயுதா போட்டுருவ. இது உள்ள கீற எல்லாருக்கும் தெரியுமே நைனா."

பின்னாலிருந்த பெண்களில் ஒருத்தி, "இன்னாபா இது, அயுவுறதுக்கு டிரெய்னிங்கா?" என்றாள்.

"ஆமாம்மா! செல்லுக்குப் போறவன் காதுல பெரிய கையிங்க ஓதி அனுப்புவாங்க. மொத வாரம் சும்மா இரு. அப்பால கண்ணு கலங்கு. அப்பால எதனா ஒண்ண போட்டு ஒட. சின்னதா சொன்னா வேலைக்காவாது, பெருசா சொல்லணும். எவ்ளோ பெருசா சொல்றியோ அவ்ளோ சீக்கிரம் நைனா மனசு எளகும்." ஹேண்டில்பாரைத் தட்டிச் சிரித்தான். "ஒர்த்தன் பொண்டாட்டி ஓடிட்டான்னான். அவனுக்கு கல்யாணமே ஆவல!"

அந்தப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்! ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை. எல்லோரும் சிரிக்கும் இடத்தில் சிரிக்காமலிருக்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

யாசின் என்று ஒரு லாரி டிரைவரைத் தெரியுமா என்றேன்.

"லைன் கேஸா? பேப்பர்ல பாத்தேன். நான் அதுக்கு முன்னயே வெளிய வந்துட்டேன் நைனா. ஆனா கேட்டிருப்பான். தனிச்செல்லுக்குப் போற எவனும் இத்த கேக்காம போமாட்டான்." பிறகு என் முகத்தைப் பார்த்தான். "இன்னா நைனா, மூஞ்சி சுண்டிப் போச்சு? தப்பா எட்த்துக்காத. நீ நல்லவரு. நல்லவரா இருந்தாதான் இதெல்லாம் ஒர்க்கவுட் ஆவும்."

தங்கை வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. அத்திப்பட்டு அனல்மின் நிலையப் பக்கத்திலிருந்து சாம்பல் காற்று, கண்ணெல்லாம் எரிந்தது.

நவம்பர் 21, வெள்ளி

யாசின் சொன்ன நாளை மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். அழுதான். அடித்தேன் என்றான். ஸ்பானரைக் கடலில் எறிந்தேன் என்றான். என் கண்ணிலும் நீர் வந்தது. அதன்பின், மூக்கைத் துடைத்துக்கொண்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "எப்ப சார் மாத்துவாங்க?"

அப்போதே கேட்டேன் அதை. காதால் கேட்டேன். பாரம் இறங்கியவன் சாதாரண விஷயங்களுக்குத் திரும்புகிறான், நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன். அறிக்கையில் எழுதவில்லை. எழுதும் அளவுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

பேசாத ஒருவனையாவது பொது பிளாக்குக்கு மாற்றச் சொல்லி நான் எழுதியிருக்கிறேனா? நினைவுக்கு வரவில்லை. வராது. பேசாதவன் ஆபத்தில் இருப்பவன் என்பதுதானே என் அளவுகோல். படித்தது அப்படி. உள்ளே தவிப்பவர்களுக்கு அந்த அளவுகோல் கதவுத் தாழ்ப்பாளாகத் தெரிந்திருக்கிறது. அத்தனை பேருக்கும் தெரிந்தது தாழ்ப்பாளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை.

நான் இன்னா பண்ணி வச்சிருக்கேன்? கைய புட்ச்சிக்கினு அயுதேனே, கூட சேந்து...

ஆனால், இதையும் எழுத வேண்டும், அவன் உண்மையாகவே அடித்திருக்கலாம். வெளியே வரும் ஆசையில் ஒருவன் உண்மையையும் சொல்லலாமே. நீலமேகம் பொய் சொன்னதால் யாசினும் பொய் சொன்னான் என்று ஆகிவிடாது.

எனக்குத் தெரியவில்லை. அன்று உறுதியாகத் தெரிந்தது, இன்று தெரியவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

போகலாமா வேண்டாமா என்று நாலு நாள் ரமாபாயிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவளே செருப்பை எடுத்து முன்னால் போட்டாள். "போய்ட்டு வா. இல்லாங்காட்டி என்னாண்ட பொலம்பாத."

யாசினுக்குச் சட்ட உதவிக் குழு அமர்த்திய வக்கீல் பெனிஷா. யானைக்கவுனியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே சிறிய அறை. முப்பது வயது இருக்கும். ராயபுரத்துப் பெண்தான்.

"நீங்க இங்க வந்ததே தப்பு சார்" என்பதுதான் முதல் வார்த்தை. "கவர்மெண்ட் வக்கீல் கேட்டா ஆமா, போனேன்னு சொல்லிடுங்க. மறைக்காதீங்க."

ஆட்டோவில் கேட்டதைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு எழுந்து மின்விசிறியைக் கூட்டினாள்.

"பழைய சட்டத்துல இருபத்து நாலாம் பிரிவு. புதுசுல இருபத்து ரெண்டு. அதிகாரத்துல இருக்கிற ஒருத்தர் ஆசை காட்டியோ மிரட்டியோ வாங்குன ஒப்புதல் செல்லாது. மொதல்ல, நீங்க அதிகாரத்துல இருக்கிற நபர்னு நான் நிரூபிக்கணும்."

"நானா?"

"நீங்கதான் சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. புளியந்தோப்பில் மில் தொழிலாளி வீட்டில் பிறந்தவன். எம்.ஏ. படித்துமுடித்து வேலைக்குச் சேர்ந்த நாளில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தவன், ஓய்வு பெறும்வரை நுனியிலேயே உட்கார்ந்திருந்தேன். வார்டர்கூட என்னை "ஓரமா நில்லுங்க பெரியவரே" என்பான்.

பெனிஷா சிரிக்கவில்லை. "உங்க கையெழுத்து இல்லாம அவன் அந்த செல்லை விட்டு வெளிய வர முடியுமா சார்?"

"முடியாது."

"வேற யாரால முடியும்?"

யோசித்தேன். யாராலும் முடியாது.

இறங்கும்போது சொன்னாள்: "ஜெயிச்சிடுவோம்னு நெனச்சுக்கிட்டு வராதீங்க. இதுல இன்னும் ஒரு முடிச்சு இருக்கு. ஆனா நீங்க சொன்னாதான் நான் வாதாடவே முடியும்." எந்த முடிச்சு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தைரியம் போயிருக்கும்.

டிசம்பர் 4, வியாழன்

வாய்தா. நீதிபதி விடுப்பு. பேசின் பிரிட்ஜ் வரை மழையில் நனைந்து வந்தேன். ஜுரம்.

டிசம்பர் 12, வெள்ளி

நேற்று சாட்சி சொன்னேன். நேற்றே எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை.

அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் சொன்னபடி பதில் சொன்னேன். மிரட்டவில்லை. ஆசை காட்டவில்லை. "தானா முன்வந்து சொன்னாரா?" என்றார். என் வாயிலிருந்து, "அப்படித்தான் அன்று நினைத்தேன்" என்று வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமாவா இல்லையா?" என்றார். "அன்று, ஆமாம்" என்றேன். கூண்டின் மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு பெனிஷா. தனிச்செல்லிலிருந்து மாற்ற யாருடைய பரிந்துரை வேண்டும்? என்னுடையது. பேசாத கைதியை மாற்றச் சொல்லி எழுதியதுண்டா? இல்லை. பேசினால் மாற்றிவிடுவீர்கள் என்று கைதிகளுக்குத் தெரியுமா?

"தெரியும். எனக்குத்தான் தெரியாது. போன மாதம்தான் அறிந்தேன்."

அரசு வக்கீல் எழுந்து, யாரோ ஆட்டோக்காரன் சொன்னதெல்லாம் சாட்சியம் அல்ல என்றார். பிறகு என்னைப் பார்த்து, பிறழ் சாட்சியாக அறிவிக்கச் சொல்லவா என்றார். அப்போது எனக்கே நம்பமுடியாதபடி, யாரும் கேட்காமல், நீதிபதியைப் பார்த்துச் சொன்னேன்: "ஐயா, சொல்லிமுடித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, எப்போது செல் மாற்றுவார்கள் என்பது. அதை நான் அறிக்கையில் எழுதவில்லை. அது என் தவறு."

நீதிபதி பேனாவை வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. "நீங்க அவர்கிட்ட, சொன்னா மாத்துவேன்னு எப்பவாவது சொன்னீங்களா?"

"இல்லை ஐயா."

"ஜாடையா?"

"இல்லை ஐயா. ஆனால் அவர்கள் எல்லோரும் அப்படித்தான்..."

"அவங்களை விடுங்க. உங்களுக்கு அது தெரியுமா அப்போ?"

"தெரியாது."

"உங்களுக்கே தெரியாத ஒரு வாக்குறுதியை நீங்க எப்படிக் கொடுத்திருக்க முடியும்?"

யாரோ சிரித்தார்கள். எனக்குப் பதில் தெரிந்தது: வாக்குறுதியை என் வாய் கொடுக்கவில்லை, என் கையெழுத்து கொடுத்தது. நாக்கின் நுனியில் இருந்தது. ஆனால் அவர் ஏற்கனவே ஸ்டெனோவுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார். சொல்லிமுடிக்கும்வரை குறுக்கே பேசக்கூடாது என்று காத்திருந்தேன். முடிந்ததும், "இறங்கலாம்" என்றார்.

"நன்றி ஐயா" என்றேன்.

யாசின் போலீஸ்காரர்கள் நடுவே நின்றிருந்தான். கடந்துபோகையில் தாழ்ந்த குரலில், "கண் ஆபரேசன் ஆய்டுச்சா சார்?" என்று கேட்டான்.

அவன் வாய் திறக்காத வாரங்களில் மௌனத்தை நிரப்ப என் கண்புரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆகிவிட்டது என்று தலையசைத்தேன். அவனும் தலையசைத்தான். அவன் முகத்தில் எதையாவது படிக்க முடிகிறதா என்று பார்த்தேன். இத்தனை வருடம் முகம் பார்ப்பதையே தொழிலாகச் செய்தவன். ஒன்றும் தெரியவில்லை.

வெளியே காத்தூன் பீவி என் கையைத் தொட்டார்.

டிசம்பர் 15, திங்கள்

இனிச் சிறைக்கு வரவில்லை என்று எழுதிக்கொடுத்தேன். சூப்பரின்டென்டென்ட் மரியாதையாகப் பேசினார். என் இடத்துக்கு ஜூடி என்று ஒரு பெண் வருகிறாளாம், புதிதாகப் படித்து முடித்தவள். அளவுகோலை மாற்ற வேண்டும், பேச்சைப் பார்க்கக்கூடாது, சாப்பாடு தூக்கம் பார்த்தால் போதும் என்று அவரிடம் விளக்கினேன். "கண்டிப்பா சார்" என்றார். அவருக்கு அவசரமாக எங்கோ போகவேண்டியிருந்தது.

ஜனவரி 8, வியாழன்

வாதம் முடிந்ததாம். ரமாபாய்க்கு முழங்கால் வீக்கம். எண்ணெய் தேய்த்துவிட்டேன். "ஒனக்கு இன்னா பேஜாரு, ஒன்னால முடிஞ்சத சொல்ட்ட" என்றாள். அவள் சொன்னால் ஒரு மணி நேரம் நம்ப முடிகிறது.

ஜனவரி 29, வியாழன்

ஆயுள்.

காத்தூன் பீவி அழவில்லை. கூட்டம் கலையும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு ஒரு போலீஸ்காரரிடம் போய், "இப்ப அவன எங்க வைப்பாங்க?" என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

பெனிஷா தீர்ப்பின் நகல் கொடுத்தாள். இரண்டுமுறை படித்தேன். நல்ல ஆங்கிலம். கவனமாக எழுதப்பட்ட தீர்ப்பு. குறை சொல்லத் தோன்றவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருக்கிறது.

நான் அதிகாரத்தில் இருந்த நபர் என்பதை நீதிபதி ஒப்புக்கொண்டுவிட்டார். அந்த வரியைத் திரும்பப் படித்தேன். அடுத்த பத்தியிலேயே பெனிஷா சொன்ன முடிச்சு. ஆசை காட்டுதல் என்றால் அது வழக்கு சம்பந்தமான லாபமாக இருக்க வேண்டும்: விட்டுவிடுகிறேன், தண்டனையைக் குறைக்கிறேன் என்பதுபோல. ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது வழக்கில் கிடைக்கும் லாபம் அல்ல. சிறைக்குள் கிடைக்கும் சௌகரியம். ஆகவே ஒப்புதல் சட்டப்படி தானாக முன்வந்து சொன்னதே.

"சௌகரியம்" என்று பெனிஷா சொன்னாள். "அந்த வார்த்தைக்கு மேல என்னால ஏற முடியல சார்."

அதற்கு அப்புறம் என்னைப் பற்றி ஒரு பத்தி. அதை இங்கே எழுதிவைக்க வேண்டும், மறக்கக்கூடாது. இந்தச் சாட்சி தனக்கு எதிரான விஷயத்தைக்கூட யாரும் கேட்காமலே தானாக முன்வந்து கூறியவர்; தன் தவறை மறைக்க முயலாத இப்படிப்பட்டவர், குற்றவாளி தன்னிடம் ஒப்புக்கொண்டார் என்று சொல்லும்போது அதை நம்பாமலிருக்கக் காரணம் எதுவும் இல்லை.

அதாவது, நான் அந்தக் கூண்டில் ஒரே ஒருமுறை துணிந்து பேசினேனே, அது அவனைக் காப்பாற்றவில்லை என்பது மட்டுமில்லை. நான் வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டு இறங்கியிருந்தால் என் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு வந்திருக்காது.

பெனிஷாவிடம் கேட்டேன், அப்படித்தானே என்று. அவள் கோப்பைக் கட்டிக்கொண்டே, "அப்படி யோசிக்காதீங்க சார்" என்றாள். இல்லை என்று சொல்லவில்லை.

ரமாபாயிடம் நான் சொல்லவில்லை. என்னைக் கோர்ட்டில் பாராட்டி எழுதியிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தங்கை பேப்பரில் பார்த்துச் சொல்லியிருப்பாள்.

பிப்ரவரி 19, வியாழன்

சும்மா இருக்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

ஜூடி காலையில் ஃபோன் செய்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். "சார், யாசின் பேசிட்டார் சார்!"

தீர்ப்பு ஆனதும் அவனை மறுபடி தனிச்செல்லில் வைத்துவிட்டார்கள். ஆயுள் தண்டனை கிடைத்தவர்களை முதலில் அப்படிக் கவனிப்பது உண்டு. அதிலிருந்து யாரிடமும் வாய் திறக்கவில்லை என்று ஜூடி முன்பே சொல்லியிருந்தாள். பேசாவிட்டாலும் மாற்றச் சொல்லி எழுது என்று நான் கெஞ்சியிருந்தேன். "என்ன காரணம் சார் எழுதுறது?" என்று அவள் கேட்டதற்கு, தூங்குகிறான், சாப்பிடுகிறான் என்று எழுது என்றேன். "ரெண்டுமே இல்லையே சார்" என்றாள்.

"நேத்து ரொம்ப நேரம் அழுதார் சார். பொது பிளாக்குக்கு உடனே எழுதிட்டேன், மாத்தியும் ஆச்சு. உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு."

"என்ன சொன்னான்?"

"தான் செய்யவே இல்லைன்னு சார். டீ வாங்கப் போனாராம், திரும்பி வந்தா தவ்ஃபீக்கைக் காணோமாம். வேற லாரியில படுத்திருப்பார்னு நெனச்சுத் தூங்கிட்டாராம். அதெல்லாம் நான் எழுதல சார். மனம் விட்டுப் பேசினார்னு மட்டும் எழுதினேன். அது போதும்ல?"

போதும் என்றேன்.

பெனிஷாவுக்கு ஃபோன் போட்டேன். கோர்ட் வராண்டாவிலிருந்து பேசினாள், சத்தம். "தனக்குச் சாதகமா சொல்லிக்கிறது சாட்சியம் ஆகாது சார். தனக்கு எதிரா சொன்னாதான் கேப்பாங்க." அவள் போட்டிருக்கும் அப்பீல் எப்போது எடுத்துக்கொள்ளப்படும் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

என்னிடம், செய்தேன் என்றான். இவளிடம், செய்யவில்லை என்றான். இரண்டு முறையும் அழுதான். இரண்டு முறையும் செல் மாறியது.

நேரில் போய்க் கேட்கலாம். மனு போட்டால் பார்க்க விடுவார்கள். கேட்டால் என் முகத்தைப் பார்ப்பான், எனக்கு எது வேண்டும் என்று தேடுவான், அதைச் சொல்வான். இனி என்னிடம் அவனால் வேறு எப்படிப் பேசமுடியும்?

சாயங்காலம் காத்தூன் பீவி ஃபோன் செய்தார்.

"மாத்திட்டாங்களாமே அண்ணே?"

"ஆமாம்மா."

"இன்னா சொன்னானாம்?"

செய்யவில்லை என்று சொன்னான் என்றால் அதைப் பிடித்துக்கொண்டு நாளைக்கே கோர்ட் வாசலில் போய் நிற்பார். யாரும் கேட்க மாட்டார்கள். சொல்லாமலிருக்க எனக்கு என்ன உரிமை? ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணும் சொல்லலம்மா. நல்லா சாப்பிடுறான், தூங்குறான். அதனால மாத்திட்டாங்க."

"ஒண்ணும் சொல்லாமயேவா?"

"ஒண்ணும் சொல்லாமயே."

பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அப்ப இந்தப் பொண்ணு நல்ல டாக்டருதாண்ணே" என்றார்.